எலும்பைச் சுட்டும் 'ஆஸியஸ்': பொருள் அறிந்து படிப்பதும் பிழையின்றி எழுதுவதும்

எக்ஸ்ரே, எம்ஆர்ஐ அறிக்கைகளை வாங்கிப் படிப்பவர்கள், செவிலியர் படிப்பிலோ இயன்முறை மருத்துவப் படிப்பிலோ சேர்ந்து உடற்கூறு நூலைத் திறப்பவர்கள், மருத்துவக் குறிப்புகளைத் தமிழில் பெயர்ப்பவர்கள் ஆகிய மூவகையினரும் தொடக்கத்திலேயே எதிர்கொள்ளும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று 'ஆஸியஸ்'. அகராதி இதற்கு 'எலும்பாலான, எலும்பு சார்ந்த' என்று ஒரே வரியில் பொருள் சொல்லி முடித்துவிடுகிறது. அந்தப் பொருள் சரிதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அறிக்கையின் வரியைப் படித்தால் தேவையற்ற அச்சமோ தவறான நிம்மதியோதான் மிஞ்சும். இச்சொல் ஒரு நோயையோ உடல்நிலையையோ சொல்வதில்லை. பேச்சு எலும்பைப் பற்றியது என்று சுட்டுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. நல்லதா கெட்டதா, பழையதா புதியதா, உறுதியா ஐயமா என்பதையெல்லாம் அதன் பின்வரும் பெயர்ச்சொல்லும் அதற்கு முன்நிற்கும் அடைகளுமே சொல்கின்றன.

முதலில் எழுத்தும் ஒலிப்பும். ஓ, எஸ், எஸ், இ, ஓ, யூ, எஸ் என்று ஏழு எழுத்துகள், மூன்று அசைகள், அழுத்தம் முதல் அசையில். அமெரிக்கர் 'ஆஸியஸ்' என்பதுபோலவும் பிரித்தானியர் 'ஒஸியஸ்' என்பதுபோலவும் ஒலிப்பார்கள். நடுவில் இரட்டித்து வரும் எஸ் எழுத்தை 'ஷ' என்றோ 'ஸெட்' ஒலியாகவோ சொல்லக்கூடாது. எழுதும்போது பலர் ஓர் எஸ்ஸை விட்டுவிடுகிறார்கள். எலும்பைக் குறிக்கும் இலத்தீன் சொல் 'ஓஸ்'. அது வேற்றுமை ஏற்கும்போது 'ஓஸிஸ்' என்று எஸ் இரட்டிக்கும். அந்த இரட்டிப்பே ஆங்கிலத்திலும் நிற்கிறது என்று நினைவில் வைத்தால் எழுத்துப்பிழை நேராது. எலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'ஆஸ்டியான்' வேறொரு கிளை. ஆஸ்டியோபொரோசிஸ், ஆஸ்டியோமைலிட்டிஸ், ஆஸ்டியோபிளாஸ்ட் என்று 'ஆஸ்டியோ'வில் தொடங்குவன எல்லாம் அந்தக் கிரேக்கக் கிளையைச் சேர்ந்தவை. ஆஸியஸ், ஆஸிஃபிகேஷன், ஆஸிக்கிள் போன்றவை இலத்தீன் கிளையைச் சேர்ந்தவை. பொதுவாக நோய்ப் பெயர்களும் உயிரணுப் பெயர்களும் கிரேக்க வேரிலிருந்து வருகின்றன. இடத்தையும் பொருளையும் சுட்டும் பெயரடை இலத்தீன் வேரிலிருந்து வருகிறது.

'போன்' என்ற எளிய சொல் இருக்கும்போது இப்படி ஒரு பெயரடை எதற்கு என்று கேட்கலாம். ஓர் எலும்பு என்பது முழு உறுப்பு. அதில் எலும்புத் திசு மட்டுமன்றி மஜ்ஜை, மேலுறை, இரத்தக் குழாய்கள், நரம்புகள், மூட்டு முனைகளில் குருத்தெலும்பு ஆகிய எல்லாம் உண்டு. தொடை எலும்பு, விலா எலும்பு என்று வளர்ந்தவர் உடலில் 206 எலும்புகள் இருப்பதாகச் சொல்லும்போது நாம் உறுப்புகளையே எண்ணுகிறோம். 'ஆஸியஸ் டிஷ்யூ' என்று நூல் சொல்லும்போது அது குறிப்பது உறுப்பை அன்று, அதன் கெட்டியான திசுவை மட்டும். கொலாஜன் இழைகளின் மேல் ஹைட்ராக்ஸிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் படிந்து இறுகிய திசு அது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமமே. உறுப்பையும் திசுவையும் பிரித்துப் பேச வேண்டிய இடங்களில் 'போன்' என்ற ஒற்றைச் சொல் மயக்கம் தரும் என்பதாலேயே இப்பெயரடை நிலைத்திருக்கிறது.

இச்சொல் மிகவும் பொருந்தி நிற்பது, ஒரே உறுப்பின் ஒரு பகுதி எலும்பாகவும் மறு பகுதி வேறொன்றாகவும் இருக்கும் இடத்தில்தான். உங்கள் மூக்கின் மேற்பகுதியை, புருவங்களுக்குச் சற்றுக் கீழே, இரு விரல்களால் பிடித்து அசைத்துப் பாருங்கள், அது அசையாது. விரல்களை மெல்லக் கீழே இறக்கினால் ஓரிடத்தில் கெட்டித்தன்மை நின்று, அதற்குக் கீழே மூக்கு இருபுறமும் வளைந்து கொடுக்கத் தொடங்கும். மேலே உள்ளது ஆஸியஸ் பகுதி, கீழே உள்ளது 'கார்ட்டிலஜினஸ்' பகுதி, அதாவது குருத்தெலும்புப் பகுதி. காதின் வெளித்துளையிலும் இதே பிரிவு உண்டு. வெளியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு. உள்ளே செல்லும் மூன்றில் இரண்டு பங்கு எலும்பு. உட்செவியில் 'ஆஸியஸ் லாபிரிந்த்' என்ற எலும்புச் சுருள்வழிக்குள் 'மெம்பிரனஸ் லாபிரிந்த்' என்ற சவ்வுச் சுருள்வழி அடங்கியிருக்கிறது. ஆகவே உடற்கூறு நூலில் ஆஸியஸ் என்று கண்டால், அதே பக்கத்தில் அதற்கு எதிரிணையாக எது நிற்கிறது என்று தேடுங்கள். குருத்தெலும்பா, சவ்வா, நாரா என்று தெரிந்துவிட்டால் அந்தப் பத்தி முழுவதும் தெளிவாகும்.

அறிக்கையில் வரும்போது

பெரும்பாலானவர்களுக்கு இச்சொல் கவலையோடு சேர்ந்து அறிமுகமாவது கதிரியக்க அறிக்கையில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அங்கே மிகுதியாக வரும் வரி 'நோ அக்யூட் ஆஸியஸ் அப்நார்மாலிட்டி'. இதில் 'அக்யூட்' என்பதைத் 'கடுமையான' என்று எடுத்துக்கொண்டால் 'கடுமையான எலும்புக் கோளாறு எதுவும் இல்லை' என்றாகிவிடும். படிப்பவர் மனத்தில் உடனே 'அப்படியானால் லேசான கோளாறு இருக்கிறது போலும்' என்ற ஐயம் எழும். கதிரியக்கவியலில் அக்யூட் என்பது கடுமையைப் பற்றியது அன்று, காலத்தைப் பற்றியது. அண்மையில் ஏற்பட்டது என்பதே பொருள். எனவே அந்த வரியின் சரியான பொருள், 'அண்மையில் ஏற்பட்ட எலும்பு முறிவோ அது போன்ற வேறு எலும்பு மாற்றமோ இப்படத்தில் காணப்படவில்லை' என்பதாகும். பழைய முறிவு ஆறிய தடமோ வயதால் வந்த தேய்மானமோ இல்லை என்று அது சொல்லவில்லை. தசைநார், தசை, குருத்தெலும்பு ஆகியவற்றைப் பற்றியும் அது வாய் திறக்கவில்லை. ஆஸியஸ் என்ற சொல்லே அந்த எல்லையை வகுத்துவிடுகிறது.

'படத்தில்' என்று நான் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மணிக்கட்டில் உள்ள ஸ்கேஃபாய்டு போன்ற சிறிய எலும்பில் ஏற்படும் மெல்லிய முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். சுமார் இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்திலோ எம்ஆர்ஐயிலோ அது புலப்படலாம். ஆகவே வலி நீடிக்கும்போது 'ஆஸியஸ் அப்நார்மாலிட்டி இல்லை என்று எழுதியிருக்கிறதே' என்று மருத்துவரிடம் செல்லாமல் இருந்துவிடக்கூடாது.

அடுத்து 'விஷுவலைஸ்டு ஆஸியஸ் ஸ்ட்ரக்சர்ஸ் ஆர் அன்ரிமார்க்கபிள்' என்ற வரி. இதில் இரண்டு சொற்கள் கவனிக்கத்தக்கவை. 'விஷுவலைஸ்டு' என்றால் படத்துக்குள் அகப்பட்டவை மட்டும். நெஞ்சுப் படத்தில் விலா எலும்புகள், காறை எலும்புகள், தோள்பட்டையின் ஒரு பகுதி, முதுகெலும்பின் ஒரு நீளம் ஆகியவை விழும்; அந்த வரி அவற்றை மட்டுமே பேசுகிறது. 'அன்ரிமார்க்கபிள்' என்பது அன்றாட ஆங்கிலத்தில் சிறப்பற்றது என்று ஒலித்தாலும், அறிக்கையில் அது நல்ல செய்தி: குறிப்பிட்டுச் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்று பொருள். இதே போல 'கிராஸ்லி இன்டாக்ட்' (சிதையாமல் உள்ளது) என்பதில் உள்ள 'கிராஸ்லி' மோசமாக என்று பொருள்படாது. மொத்தத்தில் பார்க்கும்போது என்பதே அங்கே அதன் பொருள்.

'ஆஸியஸ் லீஷன்' என்ற தொடர் மக்களை அச்சுறுத்துவதுபோல் வேறெதுவும் அச்சுறுத்துவதில்லை. 'லீஷன்' என்பதற்குத் தோல் மருத்துவத்தில் புண் என்று சொல்லிப் பழகியிருப்பதால் 'எலும்புப் புண்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். வேறு சிலர் நேரே புற்று என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தவறு. லீஷன் என்பது சுற்றியுள்ள திசுவிலிருந்து வேறுபட்டுத் தெரியும் எந்தவோர் இடத்தையும் குறிக்கும் பொதுச்சொல். தீங்கற்ற நீர்க்கட்டியும் லீஷன்தான், கிருமித் தொற்றால் அரிக்கப்பட்ட இடமும் லீஷன்தான், புற்றும் லீஷன்தான். எது என்பதைச் சொல்வது அடைமொழி. 'லிட்டிக்' என்றால் எலும்பு கரைந்த இடம். 'ஸ்கிளிரோட்டிக்' என்றால் வழக்கத்தைவிட அடர்ந்து வெளுத்துத் தெரியும் இடம். 'பினைன்' என்றால் தீங்கற்றது. 'சஸ்பிஷியஸ்' என்றால் மேலும் ஆராயப்பட வேண்டியது. அந்த அடைமொழியைப் படிக்காமல் நடுவில் உள்ள ஆஸியஸ் என்ற சொல்லில் கண்ணை நிறுத்துவதில் பயனில்லை.

பெயர்ச்சொல்லே செய்தியின் திசையைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இன்னும் சில எடுத்துக்காட்டுகள். 'ஆஸியஸ் பிரிட்ஜிங்' என்றால் முறிந்த முனைகளுக்கிடையே புது எலும்பு வளர்ந்து பாலமிடுகிறது; முறிவு ஆறி வருகிறது என்ற நற்செய்தி அது. 'ஆஸியஸ் ஃபியூஷன்' என்பது, முதுகெலும்பில் இரு கண்ணிகளை இணைக்கும் அறுவைக்குப் பின் எழுதப்பட்டால், நோக்கம் நிறைவேறியது என்று பொருள். 'ஆஸியஸ் டிஸ்ட்ரக்‌ஷன்' என்றால் எலும்பு அழிந்திருக்கிறது. 'ஆஸியஸ் டீமினரலைசேஷன்' என்றால் கனிமம் குறைந்து எலும்பின் அடர்த்தி தளர்ந்திருக்கிறது. 'டிஜெனரேட்டிவ் ஆஸியஸ் சேஞ்சஸ்' என்பது பெரும்பாலும் வயதோடு வரும் தேய்மான மாற்றங்கள். ஐந்திலும் பெயரடை ஒன்றே. செய்தியோ ஒவ்வொன்றிலும் வேறு.

'போனி' வேறு, 'ஆஸியஸ்' வேறு

ஆங்கிலத்தில் எலும்பைக் குறிக்கும் இன்னொரு பெயரடை 'போனி'. பலர் இவ்விரண்டையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதலாம் என்று நினைக்கிறார்கள். ஆஸியஸுக்கு உள்ளது பெரும்பாலும் ஒரே பொருள், போனிக்கு மூன்று. எலும்பாலானது என்பது முதலாவது. இதில் மட்டுமே இரண்டும் சந்திக்கின்றன. சதை வற்றி எலும்பு துருத்தித் தெரிவது இரண்டாவது. 'போனி ஃபிங்கர்ஸ்', 'போனி நீஸ்' என்பவை இதைச் சேர்ந்தவை. முள் மிகுந்தது என்பது மூன்றாவது. இது மீனுக்கே பெரிதும் பொருந்தும். எலும்பும் தோலுமாக இருக்கும் ஒருவரை 'ஆஸியஸ்' என்று சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அப்படி ஒரு வழக்கே இல்லை. போனி என்றும் ஒருவரை முகத்துக்கு நேரே சொல்வது நாகரிகம் ஆகாது.

மீனைப் பற்றிய தொடரில் பெயர்ப்பாளர் மிகுந்த கவனத்தோடு இருக்க வேண்டும். 'திஸ் ஃபிஷ் இஸ் போனி' என்றால் இந்த மீனில் முள் அதிகம். ஆனால் விலங்கியல் நூலில் 'போனி ஃபிஷஸ்' என்று வந்தால், அது உள்ளே எலும்பாலான எலும்புக்கூடு கொண்ட மீன்களின் பெரும் பிரிவு. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள். அவற்றிலிருந்து பிரித்துக் காட்டவே இந்தப் பெயர். முதுகெலும்புள்ள விலங்கினங்களில் ஏறத்தாழப் பாதி இந்த எலும்பு மீன்களே. நூலில் உள்ளதை 'முள் மீன்கள்' என்று பெயர்த்தால் வகைப்பாடே குலைந்துவிடும். சமையல் குறிப்பில் உள்ளதை 'எலும்பு மீன்' என்று பெயர்த்தால் யாருக்கும் புரியாது.

முதல் பொருளில்கூட வழக்கு சில தொடர்களை இறுக்கிவிட்டிருக்கிறது. படுக்கைப் புண் வராமல் காப்பது பற்றிய செவிலியர் பாடத்தில் குதிகால், கணுக்கால், இடுப்பு முனை, முழங்கை ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்லும் சொல் 'போனி ப்ராமினன்ஸ்'. அங்கே ஆஸியஸைப் போட்டால் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் துறையில் பழகியவர் காதுக்கு அது உறுத்தும். 'போன் டென்சிட்டி டெஸ்ட்', 'போன் மேரோ', 'போன் கிராஃப்ட்' என்பவற்றில் பெயரடையே வேண்டாம். 'போன்' என்ற பெயர்ச்சொல்லே அடையாக நிற்கிறது. புற்று எலும்புக்குப் பரவியதைச் சொல்லும்போது 'போன் மெட்டாஸ்டாசிஸ்', 'போனி மெட்டாஸ்டாசிஸ்', 'ஆஸியஸ் மெட்டாஸ்டாசிஸ்' என மூன்றும் வழங்குகின்றன. பொருளில் வேறுபாடு இல்லை.

'ஸ்கெலிடல்' என்பது எலும்புத் திசுவைக் குறிக்காது, எலும்புக்கூட்டு அமைப்பு முழுவதையும் தழுவும். 'ஸ்கெலிடல் மசில்' என்றால் எலும்பால் ஆன தசை அன்று, எலும்புக்கூட்டோடு இணைந்து அதை இயக்கும் தசை. விரிவில்லாத வரைவுத் திட்டத்தையும் ஸ்கெலிடல் என்று சொல்லலாம். ஆஸியஸுக்கு அத்தகைய உருவக வழக்கு கிடையாது.

முன்னொட்டுகள்

ஆஸியஸோடு முன்னொட்டு சேரும்போது ஓரெழுத்து மாறினாலும் இடம் மாறிவிடும். 'இன்ட்ராஆஸியஸ்' என்றால் எலும்புக்கு உள்ளே. நெருக்கடியில் நாளம் கிடைக்காதபோது, பெரும்பாலும் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள கணைக்கால் எலும்பில் ஊசியைச் செலுத்தி மஜ்ஜை வழியாக மருந்தும் நீரும் ஏற்றுவதை இச்சொல் குறிக்கிறது. இரத்த அழுத்தம் வீழ்ந்து நாளங்கள் ஒடுங்கினாலும் எலும்பின் உட்குழி ஒடுங்காது என்பதே அம்முறையின் அடிப்படை. 'இன்டர்ஆஸியஸ்' என்றால் எலும்புகளுக்கு இடையே. முன்கையின் இரு எலும்புகளையும் நீளவாக்கில் இணைக்கும் சவ்வு இன்டர்ஆஸியஸ் சவ்வு. உள்ளங்கையை மேசைமேல் வைத்து விரல்களை விரித்துப் பின் சேர்த்துப் பாருங்கள். விரிப்பவையும் சேர்ப்பவையும் உள்ளங்கை எலும்புகளுக்கு இடையே கிடக்கும் இன்டர்ஆஸியஸ் தசைகள். 'எக்ஸ்ட்ராஆஸியஸ்' என்றால் எலும்புக்கு வெளியே. ஒரு கட்டி எலும்பைத் தாண்டி மென்திசுவுக்குள் நீண்டிருப்பதைச் சொல்ல இது பயன்படும்.

பல் மருத்துவத்தில் 'ஆஸியோஇன்டக்ரேஷன்' என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். சுவீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களில் முயல்களின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியை மீட்க முயன்றபோது, அது எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றியிருப்பதைக் கண்டார். 1965இல் மனிதருக்கு முதன்முதலாக அந்த அடிப்படையில் பல்வேர்ப் பதியம் வைத்தார். உலோகம் எலும்போடு நேரடியாக ஒன்றுவதே ஆஸியோஇன்டக்ரேஷன். ஈறு நோயால் சீர்கெட்ட பல்சுற்று எலும்பைச் செதுக்கிச் சீரமைப்பதற்குப் பெயர் 'ஆஸியஸ் சர்ஜரி'.

ஒலியாலும் எழுத்தாலும் ஏமாற்றுபவை

'ஆஸ்டியல்' என்று ஒலிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் இரண்டு. ஒன்று இ எழுத்தோடு வந்து எலும்பைக் குறிப்பது. அது அரிய வழக்கு. மற்றது ஐ எழுத்தோடு வந்து, குழாயின் தொடக்கத் துவாரத்தைக் குறிப்பது. ஆஞ்சியோகிராம் அறிக்கையில் 'ஆஸ்டியல் ஸ்டெனோசிஸ்' என்று வந்தால் இதயத் தமனி தொடங்கும் வாயில் குறுகியிருக்கிறது என்று பொருள். எலும்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. மகப்பேறு ஸ்கேனில் 'இன்டர்னல் ஓஎஸ் குளோஸ்டு' என்று வருவதும் அப்படியே. இலத்தீனில் எலும்புக்கு உரிய சொல்லும் வாய்க்கு உரிய சொல்லும் எழுத்தில் ஒன்றாகவே தோன்றும். கருப்பை வாய் மூடியிருக்கிறது என்பதே அவ்வரியின் பொருள். 'ஆஸ்டியாய்டு' என்பது கனிமம் இன்னும் படியாத இளம் எலும்புப் பொருள். அது ஆஸியஸ் ஆவதற்கு முந்தைய நிலை. 'ஆஸிஃபைடு' என்பது எலும்பாக மாறிவிட்டது. உறைந்துபோன கருத்துகளையும் வழக்கங்களையும் சொல்ல இதை உருவகமாக ஆள்வதுண்டு. 'ஆஸிக்கிள்' என்பது சிற்றெலும்பு. செவியின் சுத்தி, பட்டடை, அங்கவடி ஆகிய மூன்றும் ஆஸிக்கிள்கள்.

எழுதும்போது

ஆஸியஸைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னே வைத்து எழுதுங்கள்: ஆஸியஸ் டிஷ்யூ, ஆஸியஸ் டிஃபெக்ட், ஆஸியஸ் லாபிரிந்த். 'தி லீஷன் இஸ் ஆஸியஸ்' என்று பயனிலையாக எழுதுவதும் தவறன்று, ஆனால் அரிது. 'வெரி', 'மோர்' போன்ற அளவுச் சொற்களை இதற்கு முன் சேர்க்காதீர்கள். ஒரு பொருள் எலும்பாலானதா இல்லையா என்பதில் கூடுதல் குறைவு கிடையாது. போனிக்கு மட்டும் 'வெரி போனி' என்று சொல்லலாம், ஏனெனில் அது தோற்றத்தையும் சொல்லும். கதை, கட்டுரை, அன்றாடக் கடிதம் ஆகியவற்றில் இச்சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. அங்கே போன், போனி இரண்டும் போதும். அறிவியல் சொல்லை அலங்காரத்துக்காக நுழைத்தால் வாக்கியம் விறைத்துப் போகும்.

தமிழில் பெயர்க்கும்போது 'எலும்பான', 'எலும்புடைய' என்றெல்லாம் பெயரெச்சம் தேட வேண்டியதில்லை. தமிழ் பெயரோடு பெயரை நேரே சேர்த்து இந்த உறவைச் சொல்லிவிடும்: எலும்புத் திசு, எலும்புக் குறைபாடு, எலும்பு இணைவு, எலும்பு அழிவு. கலைச்சொல் நடையில் எழுதுபவர்கள் 'என்பு' என்பதை ஆளலாம். ஆனால் ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் என்புத் திசு என்றும் மற்றோரிடத்தில் எலும்புத் திசு என்றும் எழுதினால், இரண்டும் வேறு வேறு என்று மாணவர் மயங்குவர். போனியின் இரண்டாம் பொருளுக்கு 'எலும்பெடுத்த கை', 'ஒட்டி உலர்ந்த முகம்' என்று உறுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நோயாளி படிக்கும் அறிக்கையைப் பெயர்க்கும்போது லீஷனுக்கு 'மாற்றம் தெரியும் இடம்' என்றும், அக்யூட்டுக்கு 'அண்மையில் ஏற்பட்ட' என்றும், அன்ரிமார்க்கபிளுக்கு 'இயல்பாக உள்ளது' என்றும் எழுதுங்கள்.